மோட்டார் விருப்ப ஆணையம்

பால்காஷ் ஏரிக்கரையில் அக்காமிஸ் என்ற ஊரில் இருபத்துநான்கு மீனவர்கள் இருந்தார்கள். தன் படகுக்கு எந்த மோட்டார் சரிப்படும் என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தன் காலுக்கு எந்தச் செருப்பு சரிப்படும் என்பதைப் போலத் தெரிந்திருந்தது. மேலிடத்துக்கு இதுதான் பெரிய கவலையாகப் போயிற்று. மீனவன் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறானா, பழக்கத்தில் தேர்ந்தெடுக்கிறானா என்று கோப்பில் எங்கும் குறிப்பில்லை. ஆகவே மாவட்டத் தலைநகரில் மோட்டார் விருப்ப ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். மீனவர்கள் முழுச் சுதந்திரத்தோடு விரும்புகிறார்களா என்று கண்காணிப்பது அதன் பணி. அதன் சான்றிதழ் இல்லாமல் இனி யாரும் புது மோட்டார் வாங்கக்கூடாது என்பது அந்தச் சுதந்திரத்தின் முதல் விதி.

எர்சாயினின் பழைய மோட்டார் போன இலையுதிர்காலத்தின் கடைசி வாரத்தில், நடு ஏரியில், இரண்டு முறை இருமிவிட்டு உயிரை விட்டது. மற்ற இருபத்துமூன்று பேரின் மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் ஆணையத்தின் படியேறும் பாக்கியம் அந்த ஊரில் அவன் ஒருவனுக்கே வாய்த்தது.

அவனுக்கு வேண்டியது இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். காரணம் எளிது. ஏரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு நீர் உண்டு. எர்சாயினின் பங்கு பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மணல்திட்டைத் தாண்டி இருந்தது. திட்டுக்கு வந்ததும் மோட்டாரைக் கழற்றி, ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு நடந்து அந்தப் பக்கம் வைப்பான். திரும்பி வந்து படகை இழுத்துக்கொண்டு போவான். பிறகு மாட்டி ஓட்டுவான். இரண்டு ஸ்ட்ரோக் புகை கக்கும், பெட்ரோலைக் குடிக்கும், அதற்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். ஆனால் ஒருவன் தூக்கலாம், எந்தப் பக்கமும் சாய்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் சத்தமில்லாதது, சிக்கனமானது, நல்ல குணம். ஆனால் பணக்கார வீட்டு மருமகள் மாதிரி கனம் அதிகம். வயிற்றுக்குள் தன் எண்ணெயைத் தானே வைத்திருப்பதால் ஒரே ஒரு பக்கமாகத்தான் படுக்கும். மாற்றிப் படுக்கவைத்தால் அதோடு பேச்சு நின்றுவிடும்.

மீன் முட்டையிடும் காலத்துத் தடை ஜூன் நடுவில் நீங்கும். நீங்கிய பத்து நாளுக்குள் பங்குக்காரன் தன் நீரில் படகோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த நீர் வேறு யாருக்காவது போய்விடும். எர்சாயினுக்கு வேறு நீர் கிடையாது. வேறு தொழிலும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஏப்ரலிலேயே, தலையில் நல்ல தொப்பியும் கையில் மனைவி ஜுமாகுல் கட்டிக்கொடுத்த பொரித்த ரொட்டி மூட்டையுமாக அவன் ஆணையத்துக்குப் போனான்.

முற்றத்தில் இரண்டு பீப்பாய்கள். ஒன்றில் இரண்டு ஸ்ட்ரோக், ஒன்றில் நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. மீனவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக வைத்தவை. எதை முதலில் ஓட்டினாலும் அதற்குச் சலுகை காட்டியதாகிவிடும் என்பதால் இரண்டு வருடமாக எதையும் ஓட்டவில்லை. தண்ணீரில் பாசி கட்டியிருந்தது.

ஆணையத் தலைவர் மாமிர்பெக் எழுபதை நெருங்கியவர். எழுந்து வந்து இரண்டு கைகளாலும் எர்சாயினின் கையைப் பிடித்துக்கொண்டார். மூலையில் எழுத்தர் ரவுஷான் விரல்களைத் தட்டச்சின் மேல் வைத்துக் காத்திருந்தாள்.

"வாப்பா. உன் முன்னால ரெண்டு இருக்கு. ரெண்டு ஸ்ட்ரோக், நாலு ஸ்ட்ரோக். எந்த வற்புறுத்தலும் இல்ல, எந்த பயமும் வேணாம். உன் மனசு எதை விரும்புது, சொல்லு."

இங்கேதான் எர்சாயின் தவறினான். அவனுடைய தவறு நல்ல வளர்ப்பு. அந்த ஊர்ப்பக்கத்தில் ஒரு பெரியவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல வீட்டுப் பிள்ளை இதைக் கொடுங்கள் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். கேட்கப்பட்டவன் தலையைக் குனிந்து பெரியவரிடமே விட்டுவிட வேண்டும். பெரியவர் அவனுக்கு வேண்டியதை அறிந்து கொடுக்க வேண்டும். விருந்தில் கறித்துண்டு எடுப்பதிலிருந்து மகளுக்கு வரன் பேசுவது வரை அப்படித்தான். மாமிர்பெக்கும் அதே பாலைக் குடித்து வளர்ந்தவர்தான்.

எர்சாயின் தொப்பியைக் கழற்றி, மூத்தவர்களை மரியாதையாக அழைக்கும் அகா என்ற சொல்லோடு ஆரம்பித்தான்.

"நீங்க பெரியவங்க, அகா. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

ரவுஷான் தட்டினாள். மாமிர்பெக் மனம் நெகிழ்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். காரியம் முடிந்தது என்று எர்சாயின் ரொட்டி மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டுச் சந்தோஷமாக வேன் ஏறினான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஜுமாகுலின் தம்பி கோனிஸ்பாய் அப்போது தேநீருக்கு வந்திருந்தான். அக்காள் புருஷனைக் கிண்டல் செய்வது அவனுக்குப் பிறப்புரிமை. கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தான். 'மேற்படி எர்சாயின் மோட்டார் விஷயத்தில் விருப்பம் அற்றவர் என்பது நேர்காணலில் உறுதியாயிற்று. மூன்றாம் வகை, விருப்பமற்ற குடிமகன்.'

"அத்தான், உங்களுக்கு விருப்பம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு கவர்மெண்டு கண்டுபிடிச்சிருச்சு. ஏக்கா, உனக்கு இது முன்னாலேயே தெரியுமா?"

"கல்யாணமான மூணாம் நாளே தெரியும்" என்றாள் ஜுமாகுல், தேநீரில் பால் ஊற்றியபடி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நாளைக்கே போயி வாயைத் திறந்து சொல்லிட்டு வாங்க. மரியாதையெல்லாம் வீட்டுல வெச்சுக்கலாம்."

போனான். ரவுஷான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ரெண்டு ஸ்ட்ரோக்தான் வேணும் தாயி. எழுதிக்கோ."

"இப்ப சொன்னா எப்படி அகா? விருப்பமில்லைன்னு பதிவாயிடுச்சே. விருப்பமில்லாத ஆளுக்குத் திடீர்னு விருப்பம் வந்தா, யாரோ தூண்டிவிட்டிருக்காங்கன்னுதான் அர்த்தம். யாரு சொல்லி வந்தீங்க?"

எர்சாயினுக்குப் பொய் வராது. "என் வீட்டுக்காரிதான் போகச் சொன்னா."

ரவுஷான் பெருமூச்சு விட்டாள். "அதையும் எழுதணுமே" என்று அதையும் எழுதினாள். 'குடும்பத்தினரின் தூண்டுதல்' என்று கோப்பில் ஒரு தாள் கூடியது. இனி அவன் விருப்ப வளர்ச்சி வகுப்பில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு விருப்பத்தை வளர்த்துக்கொண்டு வர வேண்டும்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, எர்சாயின் பன்னிரண்டு நாள் அதைச் செய்தான். வகுப்பில் அவன் ஒருவனே மாணவன். ஆசிரியர் முதல் வாரம் இரண்டு ஆப்பிள்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொன்னார். எடுத்தான். ஏன் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தது என்றான். அது விருப்பமில்லை, சோம்பல் என்று எழுதிக்கொண்டார். இரண்டாம் வாரம் மோட்டார்களுக்கு வந்தார்கள். அதாவது மோட்டார்களின் படங்களுக்கு. படங்களில் பெயர் எழுதியிருக்கவில்லை. பெயர் எழுதினால் மாணவனின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். பன்னிரண்டாம் நாள் எர்சாயின் ஒரு படத்தைத் தொட்டு இதுதான் என் விருப்பம் என்று அழுத்திச் சொன்னான். ஆசிரியர் கையைக் குலுக்கிப் பாராட்டினார். அது ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் உட்பகுதி என்பது பிறகு தெரிந்தது. ஆனால் விருப்பம் வந்ததென்னவோ உண்மை, சான்றிதழில் அது போதும்.

அடுத்து, ஒரு மாதக் காத்திருப்புக்குப் பின், காது மருத்துவர். காதில் எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, கேட்கிறதா என்று மெல்லக் கேட்டார். நன்றாகக் கேட்கிறது என்றான் எர்சாயின். மருத்துவர் முகம் சுளித்தார்.

"எத்தனை வருஷமா ரெண்டு ஸ்ட்ரோக் ஓட்டுறீங்க?"

"பத்தொன்பது வருஷம்."

"பத்தொன்பது வருஷம் ஓட்டியிருந்தா காது போயிருக்கணுமே. காது நல்லா இருக்குன்னா நீங்க சரியா ஓட்டினதில்லை. அனுபவமில்லாதவர்னு போடுறேன்."

"அப்ப காது கேக்கலைன்னு சொல்லியிருந்தா?"

"நாலு ஸ்ட்ரோக்கோட அமைதியை உணர முடியாதவர்னு போட்டிருப்பேன். இந்தப் படிவத்துல எல்லாருக்கும் ஒரு கட்டம் இருக்கு."

இதற்குள் தடை நீங்கிவிட்டது. ஊரின் இருபத்துமூன்று படகுகளும் புகையைக் கக்கிக்கொண்டு ஏரிக்குள் போயின. எர்சாயின் கரையில் நின்று பார்த்தான். கோனிஸ்பாய் தன் மோட்டாரைத் தருகிறேன் என்றான். ஆனால் ஒவ்வொரு மோட்டாரின் நெற்றியிலும் அதன் பங்கு நீரின் எண் இருந்தது; வேறு நீரில் பிடித்தால் மோட்டாரும் போகும், கோனிஸ்பாயின் நீரும் போகும். ஐந்து பிள்ளைகள் பெற்றவனிடம் அதை எப்படி வாங்குவது? எர்சாயின் இரவு சாப்பிடுவதைக் குறைத்தான். ஜுமாகுல் நாட்களை எண்ணுவதை நிறுத்தும்படி அவனிடம் கெஞ்சினாள், அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

தடை நீங்கிய ஏழாம் நாள் இறுதி விசாரணை. நீண்ட மேசை, நான்கு உறுப்பினர்கள், நடுவில் மாமிர்பெக். அவர் எழுந்து உரையாற்றினார்.

"நண்பர்களே, என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் இந்தப் பதவிக்கு வந்து ரெண்டு வருஷம். இதுவரைக்கும் ஏரிப் பக்கம் போனதில்ல. இதைப் பெருமையாச் சொல்றேன். ஏரியைப் பார்த்தவனுக்கு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்தவன் நடுநிலையா இருக்க முடியாது. எனக்கு நீச்சல் தெரியாது, மீன் ஒத்துக்காது, மோட்டார் சத்தம் கேட்டா தலைவலி. இந்த ஆணையத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆளை நீங்க தேடினாலும் கிடைக்கமாட்டாங்க."

கைதட்டினார்கள். எர்சாயினும் தட்டினான், பழக்கம்.

பிறகு அவன் பேசினான். மரியாதையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான். "எனக்கு ரெண்டு ஸ்ட்ரோக் வேணும். தோள்ல தூக்கிட்டு மணல்திட்டத் தாண்டணும். இன்னும் மூணு நாள்ல என் தண்ணியில நான் நிக்கலைன்னா அது போயிரும். அது போனா நானும் என் பெண்டாட்டியும் எங்க போறதுன்னு எனக்குத் தெரியல." அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ரவுஷான் தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "இதுக்குக் கட்டம் இல்ல" என்றாள் மெதுவாக.

வாக்கெடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு இருவர், நான்கு ஸ்ட்ரோக்குக்கு இருவர். தலைவர் நடுநிலையானவர், வாக்களிப்பதில்லை. சமமாகப் பிரிந்தால் சராசரி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தார்கள். எர்சாயினுக்கு மூன்று ஸ்ட்ரோக் மோட்டார் வாங்குவதற்கான சான்றிதழ், முத்திரையோடு, எல்லோரும் எழுந்து நிற்க, வழங்கப்பட்டது.

மோட்டார் கடைக்காரர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கண்ணாடியைக் கழற்றியும் படித்தார். "ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. மூணு உலகத்துலயே கிடையாது, தம்பி. உன்கிட்ட மூணுன்னு எழுதியிருக்கறப்ப நான் ரெண்டைக் கொடுத்தா என் கடையை மூடிருவாங்க." அவர் நல்ல மனிதர். தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

பத்தாம் நாள் விடியுமுன் எர்சாயின் ஒரு ஜோடி துடுப்புகளைப் படகில் போட்டுக்கொண்டு கிளம்பினான். விதியில் படகு என்று மட்டும்தான் இருக்கிறது, மோட்டார் என்று இல்லை, போய் நின்றுவிட்டால் யார் என்ன சொல்ல முடியும் என்பது ஜுமாகுலின் யோசனை. பதினொரு கிலோமீட்டர். திட்டில் படகைத் தனியாக இழுத்துக் கடந்தான். வெயில் ஏறும்போது தன் நீரில், நாணல் ஓரத்தில் போய் நின்றான். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

அங்கே அவன் தனியாக இல்லை. திட்டைச் சுற்றிக்கொண்டு பட்டணத்து வழியாக ஒரு பெரிய படகு வந்திருந்தது. அதில் நான்கு உறுப்பினர்கள், மாமிர்பெக், ரவுஷான். இன்றோடு உரிமை முடியும் அந்த நீரை ஆணையத்தின் பரிசோதனை மண்டலமாக எடுத்துக்கொள்ள வந்திருந்தார்கள். படகின் பின்னால், முற்றத்துப் பீப்பாய்களில் நின்ற அந்த இரண்டு மோட்டார்களும் அருகருகே பூட்டியிருந்தன. பரிசோதனை நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் லாரியில் ஒரே பக்கமாகப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நான்கு ஸ்ட்ரோக் துறையிலேயே எழ மறுத்துவிட்டது. ஒன்றுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல், ஒன்றுக்குக் கலக்காதது என்றால் அதுவும் பாரபட்சம். ஆகவே சராசரி எடுத்து இரண்டுக்கும் பாதி எண்ணெய். அந்தப் பாதி எண்ணெயில் ஆறு பேரைச் சுமந்துகொண்டு வந்த இரண்டு ஸ்ட்ரோக், சரியாக எர்சாயினின் நீரில் வந்து காய்ந்து இறுகி நின்றுவிட்டது. ரவுஷானைத் தவிர யாருக்கும் நீச்சல் தெரியாது. வடகிழக்குக் காற்று எழுந்து படகை நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை எர்சாயினுக்குத் தெரியும். மதியத்துக்குள் அது ஆளை விழுங்கும் அலையாகிவிடும்.

அவன் ஒரு கணம் நாணலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தான். நினைத்ததை மறைப்பதற்கில்லை. பிறகு துடுப்பைப் போட்டு அவர்களிடம் போனான்.

"அகா, ரெண்டு வழி இருக்கு" என்று கத்தினான். "கயிறு கட்டி உங்க படகோட இழுக்கலாம். இல்ல, மூணு மூணு பேரா என் படகுல ஏறிக்கலாம். எதுன்னு சீக்கிரம் சொல்லுங்க, காத்து ஏறுது."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இழுப்பதற்கு இருவர் கை தூக்கினார்கள். ஏறுவதற்கு இருவர். மாமிர்பெக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஆனாலும் அவர் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"நான் வாக்களிக்கிறதில்ல" என்றார்.

எர்சாயின் கயிற்றை வீசினான். ரவுஷான் பிடித்துக் கட்டினாள்.

திட்டு வரை இழுக்க மாலையாகிவிட்டது. உள்ளங்கைத் தோல் துடுப்போடு போயிற்று. மணலில் கால் வைத்ததும் மாமிர்பெக் அவனைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுதார், அந்த அழுகையில் பொய் இல்லை. "பத்தாம் நாள் நான் என் தண்ணியில இருந்தேன், அதை மட்டும் எழுதிக்குங்க" என்றான் எர்சாயின். எழுதினார்கள். எல்லாவற்றையும் எழுதினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழா. மாமிர்பெக் பேசினார்.

"இத்தனை நாளா ரெண்டா, நாலான்னு தப்பான கேள்வியைக் கேட்டுட்டு இருந்தோம். ரெண்டும் எங்களைக் கைவிட்டுச்சு. ஒரே மனுஷன், ஒரு ஜோடித் துடுப்பு, ஆறு பேரைக் கரை சேர்த்தான். இதை நான் கண்ணால பார்த்தேன், இப்ப எனக்கு அபிப்பிராயம் வந்துருச்சு. இந்த ஏரிக்கு மோட்டாரே தேவையில்ல. எர்சாயினோட தண்ணி ஆயுசுக்கும் எர்சாயினுக்கே, துடுப்புப் போட்டுத்தான் பிடிக்கணும். அவர் வழியில எல்லாரும் நடக்கணும். மோட்டார்களை நாங்க பத்திரமா வெச்சுக்கறோம்."

லாரி தயாராக நின்றது. இருபத்துமூன்று மோட்டார்களையும் ஒரே பக்கமாக அடுக்கினார்கள். ஆணையம் கலைக்கப்படவில்லை, துடுப்பு பைன் மரத்திலா, பிர்ச் மரத்திலா என்பதை மக்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க அது உதவும். எர்சாயினின் கழுத்தில் பதக்கம் போட்டார்கள். ஊர் கைதட்டவில்லை. கடைசியாகத் தன் மோட்டாரைத் தூக்கிவந்த கோனிஸ்பாய் அவனைக் கடந்து போனான், கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லுவான் என்று எர்சாயின் காத்திருந்தான். அவன் மோட்டாரை லாரியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மறுநாள் எர்சாயின் தன் நீருக்குத் துடுப்புப் போட்டுப் போனான். ஏரியில் வேறு படகே இல்லாததால் வலை நிறைய மீன். ஜூலை வெயிலில் நான்கு மணி நேரம் துடுப்பு போட்டுக் கரைக்கு வந்தபோது பாதி நாறிவிட்டது. கரைக்கு வரும் படகை, பகையாளி படகானாலும், கரையில் நிற்பவர்கள் ஓடிவந்து கை வைத்து இழுப்பது அந்த ஊரின் வழக்கம். கரையில் பத்துப் பதினைந்து பேர் புதுத் துடுப்பைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

ஜுமாகுல் வீட்டிலிருந்து வந்து படகின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அவன் கையில் கட்டியிருந்த துணியில் ரத்தம் கசிந்திருந்தது. இருவரும் இழுத்தார்கள், படகு அசையவில்லை.

"இனிமே யாராவது நடு ஏரியில தவிச்சா போவீங்களா?" என்று கேட்டாள் அவள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

எர்சாயின் குனிந்து மூச்சு வாங்கினான்.

"போவேன்" என்றான். "அதான் ஜுமாகுல், எனக்குப் பயமாயிருக்கு."

அவள் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தாள்.